முதலில் 243, கடைசியில் 251

தொப்பம்பட்டி
18.1.87

அன்புள்ள ஆரிபா,

பொங்கல் வாழ்த்து அனுப்பவில்லை என்று திட்டாதே. மூன்று நாளும் எங்களுக்குத் தக்காளிக் காட்டில்தான் பொங்கல். பறித்து, பொறுக்கி, பெட்டியில் அடுக்கி, ஒட்டன்சத்திரம் லாரிக்கு ஏற்றி முடித்தபோது விரலெல்லாம் செடிக்கறை. சோப்புப் போட்டும் போகவில்லை. அந்த விரலோடுதான் உட்கார்ந்து, கம்ப்யூட்டர் திரையில் படம் போடும் நம்ம லூப்பை மறுபடி எழுதினேன்.

பின்பக்கம் பார். எழுபத்தாறு எண்கள், எல்லாம் மெஷினுக்கான கட்டளைகள். பழைய லூப் என்ன செய்தது? நினைவகத்தில் எண்களாக ஒளித்து வைத்த படத்தை ஒவ்வொரு எண்ணாக எடுத்துத் திரைக்குக் கொண்டுபோனது. ஒரு எண்ணுக்கு இருபத்தொரு துடிப்பு. மெஷினுக்கு ஒரு விநாடிக்கு முப்பத்தைந்து லட்சம் துடிப்பு இருக்கிறது என்பதற்காக இப்படியா வாரி இறைப்பது? இந்தத் தடவை ஒரு திருட்டு வேலை செய்திருக்கிறேன். மெஷின் தான் வந்த வழியைக் குறித்து வைக்க ஓர் அடுக்கு வைத்திருக்கிறதல்லவா? அந்த அடுக்கு இங்கேதான் இருக்கிறது என்று அதை ஏமாற்றி, நேராகப் படத்தின் மேலேயே கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். அடுக்கிலிருந்து எடுப்பதாக நினைத்துக்கொண்டு அது படத்தை இரண்டிரண்டு எண்ணாக அள்ளுகிறது. திரையில் போடும்போதும் அதே ஏமாற்று. ஒரு எண்ணுக்குப் பதினாலு துடிப்புதான் ஆகிறது!

ஆயிரம் தடவை போட்டால் பழையதற்கு முப்பத்தேழு விநாடி. இதற்கு இருபத்தைந்து. இது நோட்டில் போட்ட கணக்கு. உன் மெஷினில் ஓட்டி, கடிகாரம் பார்த்து எழுது. படம் நீ போட்ட அந்தப் பூட்டுப் படமே போதும்.

இதில் ஒரு காரியம் இருக்கிறது. மெட்ராஸில் ஒரு கம்பெனி புரோகிராமர் டிரெய்னி வேண்டுமென்று பேப்பரில் விளம்பரம் கொடுத்திருக்கிறது. நாமே எழுதிய மெஷின் கோடு ஒன்று அனுப்ப வேண்டுமாம், ஓட எவ்வளவு நேரம் ஆகிறது என்பதோடு. இங்கே தாராபுரத்திலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. சித்திரையில் பேசி முடித்துவிடலாம் என்று அம்மா நிற்கிறாள். அப்பாதான், "பங்குனி கழியற வரைக்கும் பார்க்கலாம் அம்மிணி. அதுக்குள்ள கடுதாசி வந்துதுன்னா நீ மெட்ராசுக்குப் போ. வரலைன்னா அம்மா சொல்றதைக் கேட்டுக்கோணும்" என்றார். எங்க அப்பா மலைச்சாமி பேச்சு மாற மாட்டார் என்று ஊருக்கே தெரியும். இரண்டு பக்கமும் மாற மாட்டார், அதுதான் பயம்.

உன் வீட்டு ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டரைத் தொட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. எழுதுவது நான், ஓட்டுவது நீ. சீக்கிரம் பதில் போடு.

ஜோதிமணி


பேகம்பூர், திண்டுக்கல்
24.1.87

அன்புள்ள ஜோதி,

உன் கடிதம் வந்தது. ஓட்டிப் பார்த்தேன். ஆயிரம் தடவைக்குச் சரியாக இருபத்தைந்து விநாடி. பூட்டு கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்து நிற்கிறது. தைரியமாக அனுப்பு.

வீட்டில் எல்லோரும் நலம். துபாயிலிருந்து பாரூக் அண்ணன் அனுப்பிய பால்பவுடரை மதினி கேசரியில் போட்டு, அது களியாகிவிட்டது. கொழாயில் தண்ணீர் பத்து நாளைக்கு ஒரு தடவைதான் வருகிறது. வரும் அன்றைக்கு வீட்டில் ஒருத்தருக்கும் குளிக்க நேரமில்லை, எல்லோரும் குடத்தோடு நிற்கிறோம்.

பிப்ரவரியில் இந்தப் பக்கம் வருவேன் என்று முன்பு எழுதியிருந்தாய். இப்போது வேண்டாம். வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள், சாமானெல்லாம் மூட்டை கட்டிக் கிடக்கிறது. பிறகு சொல்கிறேன்.

உனக்குக் கட்டாயம் வேலை கிடைக்கும்.

ஆரிபா


தொப்பம்பட்டி
27.2.87

அன்புள்ள ஆரிபா,

கார்டு வந்துவிட்டது! மார்ச் பதினாறாம் தேதி, காலை பத்து மணிக்கு இன்டர்வியூ. தபால்காரர் சடையாண்டி சைக்கிளை வரப்பிலேயே போட்டுவிட்டுக் காட்டுக்குள் ஓடி வந்து கொடுத்தார். அப்பா அதைத் தலைகீழாகவும் ஒருதடவை பார்த்தார்.

அனுப்பிய தாளில் "திண்டுக்கல்லில் என் தோழியின் கம்ப்யூட்டரில் ஓட்டிச் சோதித்தது, ஆயிரம் முறைக்கு 25 விநாடி" என்று எழுதி என் பெயரைக் கையெழுத்துப் போட்டிருந்தேன். அவர்களிடமும் அதே மெஷின் இருக்கிறதாம். அவர்கள் முன்னால் நானே தட்டி ஓட்டிக் காட்ட வேண்டும். அந்த ரப்பர் கீயில் விரல் பழகி எத்தனை நாளாயிற்று! எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பழனி பஸ்ஸைப் பிடித்து உன் வீட்டுக்கு வருகிறேன். நாலு மணி நேரம் பழகினால் போதும். வெள்ளையடித்து முடித்திருப்பீர்கள்.

இன்னொன்று. இதைக் கேட்பதா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். பழைய கடிதங்களை எடுத்து வைத்துப் பார்த்தேன். போன வருஷம் நான் முப்பத்தேழு என்று கணக்குப் போட்டதற்கு, நாற்பது ஆனது என்று எழுதினாய். இருபத்திரண்டுக்கு இருபத்துநாலு. எப்போதும் கொஞ்சம் கூடுதலாகத்தான் வந்தது. ஏன் என்று எனக்குப் புரியாமல் உன் கடிகாரத்தைக் குறை சொன்னேன், நீயும் சண்டைக்கு வந்தாய். ஆனால் கார்த்திகைக்கு அப்புறம் நான் சொன்ன எண் அச்சாக அப்படியே வருகிறது. நாலு லூப்புக்கும். கடிகாரம் திருந்திவிட்டதா? இல்லை, மெஷின் எனக்குப் பயப்படுகிறதா?

ஜோதி


பேகம்பூர்
3.3.87

ஜோதி,

எட்டாம் தேதி வராதே. வந்தாலும் பழக முடியாது.

மெஷின் கார்த்திகையிலேயே போய்விட்டது. மழை பெய்துகொண்டிருந்தது. ஸ்டெபிலைசரில் டிவி ஓடியது. இன்னொன்றுக்கு அதில் இடமில்லை. சுவரில் நேராகச் சொருகாதே என்று பாரூக் அண்ணன் நூறு தடவை சொல்லியிருந்தது. உன் லூப்பை அன்றைக்கே ஓட்டிப் பார்த்துவிட வேண்டுமென்று நான்தான் சொருகினேன். கரண்ட் ஏறியது. ஒரு நாற்றம் வந்தது. அவ்வளவுதான். அத்தாவிடம்கூடச் சொல்லவில்லை. உறை போட்டு மூடி, அதன்மேல் பூச்சாடி வைத்திருக்கிறேன்.

அதற்கப்புறம் உனக்கு எழுதியதெல்லாம் ஓட்டிப் பார்த்து எழுதியதில்லை. நீ போட்ட கணக்கை நானும் ஒருதடவை போட்டுப் பார்ப்பேன், சரியாக இருக்கும், அதையே திருப்பி எழுதுவேன். வெள்ளையடிக்கவும் இல்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நம்ம வகுப்பில் இருந்தவர்களில் யாராவது எனக்குக் கடிதம் போடுகிறார்களா? கல்யாணத்துக்குக் கூப்பிட ஒரு பத்திரிகை, அதோடு சரி. நீ மட்டும்தான் மாதம் இரண்டு போடுகிறாய். அதிலும் முக்கால்வாசி எண்கள். மெஷின் இல்லையென்றால் ஆரிபாவுக்கு எதற்கு எழுதப் போகிறாய் என்று நினைத்துவிட்டேன். முதல் தடவை பொய் எழுதியபோது அடுத்த வாரம் சரி பண்ணிவிடலாம் என்றுதான் இருந்தேன். அப்புறம் நீ சந்தோஷமாகப் பதில் போட்டாய்.

நீ கையெழுத்துப் போட்டு அனுப்புவாய் என்று தெரிந்தும் எழுதினேனே, அதற்கு என்ன சொன்னாலும் தகும்.

ஆரிபா


தொப்பம்பட்டி
6.3.87

ஆரிபாவுக்கு,

நான் ஒருதடவைகூட ஓடாத ஒன்றை ஓடியது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பத்து நாளில் அவர்கள் முன்னால் உட்கார வேண்டும். அது ஓடுமா, நடுவில் நிற்குமா, எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது.

மெஷின் எரிந்ததற்கு நான் கோபப்பட்டிருப்பேனா? அன்றைக்கே நாலு வரி எழுதியிருந்தால் என்ன? இது எனக்கு விளையாட்டு இல்லை என்று ஜனவரியிலேயே எழுதினேனே. தாராபுரத்துக்காரர்கள் நேற்றுக்கூட வந்துபோனார்கள். மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் என்றால் ஜோசியம் பார்க்கும் மெஷினாம்.

உனக்குத் தனியாக இருக்கிறது என்றால் அதை எழுதியிருக்கலாம். அதற்கும் பதில் போட்டிருப்பேன்.

இனி எதுவும் எழுதாதே. நான் என் நோட்டைப் பார்க்க வேண்டும்.

ஜோதிமணி


பேகம்பூர்
12.3.87

ஜோதி,

எழுதாதே என்றாய். திட்டிக்கொண்டாவது இதைப் படி. தந்தியும் கொடுத்திருக்கிறேன், அது முன்னால் வந்திருக்கும். தந்தியில் விளக்க முடியாது. கவுன்டரில் இருந்தவர் நான் கொடுத்த வாசகத்தை மூன்று தடவை படித்துவிட்டு, "ஏம்மா, இது நல்ல சேதியா, கெட்ட சேதியா?" என்று கேட்டார். எனக்கே தெரியவில்லை.

உன் கடிதம் வந்த அன்று ஒரு மூச்சு அழுதுவிட்டு, பிறகு யோசித்தேன். மெஷின்தான் செத்துவிட்டது, நான் இருக்கிறேனே? உன் எழுபத்தாறு எண்ணையும் எடுத்து வைத்துக்கொண்டு நானே மெஷினாக உட்கார்ந்தேன். வரைதாளில் பூட்டுப் படம், சிலேட்டில் கட்டம், ஒவ்வொரு கட்டளையாக நீ சொன்னபடியே செய்தேன். இரண்டு எண் அள்ளு, இரண்டு எண் போடு. நாலு நாள். எல்லாம் சரியாக இருந்தது. உன் கணக்கில் ஒரு தப்பும் இல்லை, மனசு கொஞ்சம் லேசாயிற்று.

நேற்றுக் காலை நடுவில் இருக்கும்போது அம்மா, "ஏ ஆரிபா, பாலு பொங்குது, செத்த எந்திரிச்சுப் பாரு!" என்றது. எங்கே விட்டேன் என்று மறந்துவிடுமே என்று கையின் கீழே இருந்த தாளிலேயே "41-இல் நிற்கிறேன்" என்று கிறுக்கிவிட்டு ஓடினேன். திரும்பி வந்து உட்கார்ந்தால் மதினி, "வெஞ்சனத்துக்குப் புளி கரைச்சுட்டுப் போயேன்" என்றது. மறுபடி ஒரு கிறுக்கல், மறுபடி ஓட்டம். மூன்றாம் தடவை வந்து பார்க்கிறேன், பூட்டுப் படத்தின் மேலெல்லாம் என் கிறுக்கல். கையின் கீழே இருந்த தாள் படத்தாள்தானே! படமே கெட்டுவிட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மெஷினையும் கூப்பிடுகிறார்கள், ஜோதி! விநாடிக்கு ஐம்பது தடவை. யாராவது கீயை அழுத்தினார்களா பார் என்று வேலையைப் பாதியில் விட்டுவிட்டு அது எழுந்து போகிறது. போகும்போது எங்கே விட்டோம் என்று அடுக்கில் எழுதி வைத்துவிட்டுப் போகிறது. நீ அடுக்கை எங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறாய்? படத்தின் மேல். படத்தில் கிறுக்கிவிட்டுத்தான் அது போகும்!

உன் நோட்டில் இது வரவே வராது. நீ எழுதும்போது உன்னை யாரும் கூப்பிடுவதில்லை, காட்டில் உட்கார்ந்து எழுதுகிறாய். என் வீட்டில் இருந்து பார், தெரியும்.

புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்காதே என்பதற்கு ஒரு கட்டளை இருக்கிறது: 243. இனி எழுந்து போகலாம் என்பதற்கு 251. அடுக்கை நகர்த்துவதற்கு முன்னால் ஒன்று, திரும்ப அதன் இடத்தில் வைத்த பிறகு மற்றது. அதைத்தான் தந்தியில் கொடுத்தேன்: முதலில் 243, கடைசியில் 251.

இதையும் நான் ஓட்டிப் பார்க்கவில்லை. இந்தத் தடவை அதைச் சொல்லிவிட்டேன்.

அல்லாஹ் உனக்குத் துணை இருக்கட்டும்.

ஆரிபா


தொப்பம்பட்டி
29.3.87

என் ஆரிபா,

கிடைத்துவிட்டது! நேற்று ஆர்டர் வந்தது. ஏப்ரல் பதினைந்தாம் தேதி சேர வேண்டும். அம்மா தாராபுரத்துக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள். அப்பா பேச்சு மாறவில்லை. மூன்று மாதம் கழித்து நேற்று ராத்திரிதான் நான் தூங்கினேன். நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

பதிமூன்றாம் தேதி தந்தி வந்தது. தந்தி என்றதும் அம்மா நெஞ்சில் அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டாள். சடையாண்டி படித்துக் காட்டியதும் அப்பா, "ஏனம்மிணி, இருநூத்தி நாப்பத்தி மூணு பெட்டிங்கறாங்களா? நம்ம காட்டுல அம்புட்டுத் தக்காளி ஏது?" என்று கேட்டார். எனக்கு அப்போதும் கோபம்தான். இவள் மறுபடியும் ஆரம்பித்துவிட்டாளா என்று தந்தியை மடித்து எறியப் போனேன். ஆனால் எண்ணைப் பார்த்தால் விடுவேனா? நோட்டைப் புரட்டினேன். உன் வீட்டில் உட்கார்ந்து என் கையாலேயே எழுதிய வரி அது. 243. பக்கத்தில் "தேவைப்படாது" என்று வேறு எழுதி வைத்திருக்கிறேன். உடனே பென்சிலை எடுத்து அந்த வார்த்தையை அடித்தேன். கிளம்பும் அன்று காலை உன் கடிதமும் வந்தது. பாலும் புளியும் படித்துவிட்டுப் பஸ்ஸிலேயே சிரித்தேன். அப்பா பயந்துபோய்ப் பார்த்தார்.

திண்டுக்கல் ஸ்டேஷனில் மெட்ராஸ் வண்டிக்கு ஒரு மணி நேரம் இருந்தது. ஓடி வந்து உன்னைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றேன், அப்பா விடவில்லை. அந்த ஒரு மணி நேரமும் நல்லதாயிற்று. முன்னால் ஒரு எண்ணைச் சேர்த்தால் எல்லாம் ஓரிடம் தள்ளிப் போகும், உள்ளே எழுதிய முகவரியெல்லாம் தப்பாகிவிடும் என்று பிளாட்பாரத்தில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. பென்சிலை எடுத்துத் திருத்தத் தொடங்கி, பாதியில் நிறுத்தினேன். எதற்குத் திருத்துவது? நினைவகத்தில் 40000-ஆம் இடத்தில் தொடங்குவதை 39999-இல் தொடங்கினால் மற்றதெல்லாம் இருந்த இடத்திலேயே இருக்குமே! பெஞ்சிலேயே கைதட்டிவிட்டேன்.

இன்டர்வியூவில் மூன்று பேர். நடுவில் கண்ணாடி போட்ட ஓர் அம்மா. அவர் என் தாளை எடுத்ததுமே, "மேடம், அதில் சோதித்தது என்று எழுதியிருப்பது உண்மையில்லை. மெஷின் கெட்டுப்போயிருந்தது. எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இது இதுவரை எங்கேயும் ஓடியதில்லை" என்று சொல்லிவிட்டேன். இத்தோடு எழுந்து போகச் சொல்லிவிடுவார்கள் என்றே நினைத்தேன். அவர் தாளைக் கீழே வைத்துவிட்டு, "அப்படியா? அப்ப இப்ப ஓட்டிப் பார்ப்போம்" என்றார்.

எழுபத்தெட்டு எண்ணையும் தட்டினேன். இரண்டு வட்டம், ஒரு சாவித் துவாரம் போட்டு உன் பூட்டையும் வரைந்து ஒளித்து வைத்தேன். ஓட்டினேன். ஆரிபா, பூட்டு வந்தது! ஒரு புள்ளி பிசகாமல் வந்தது. ஆயிரம் தடவை போட்டோம். இருபத்தெட்டு விநாடி. அந்த அம்மாதான் ஏன் என்று சொன்னார். திரையின் நினைவகத்தை டிவிக்குப் படம் அனுப்பும் பகுதியும் படித்துக்கொண்டே இருக்கிறதாம். நம்ம மெஷின் அது முடிக்கும்வரை கொஞ்சம் கொஞ்சம் நிற்க வேண்டுமாம். கொழாயடியில் முறை வைப்பது போலத்தான். அந்தக் கூடுதல் இரண்டு மூன்று விநாடி நீ போன வருஷமே கடிகாரத்தில் பார்த்து எழுதியது. உன் கடிகாரத்தின் மேல் பழி போட்டேனே, அதற்கு மன்னித்துவிடு.

பிறகு அவர், "முதல்ல இருக்கிற 243 எதுக்கு?" என்று கேட்டார். சொன்னேன். "எடுத்துட்டு ஓட்டுங்க" என்றார். எடுத்தேன். முதல் தடவையே பூட்டின் மேல் எறும்பு ஊர்வது போலக் கோடு கோடாக வந்தது. ஆயிரம் தடவை என்று போட்டதும் பாதியில் மெஷின் அப்படியே நின்றுவிட்டது. எத்தனை கீ அழுத்தினாலும் அசையவில்லை. நீ தந்தி கொடுக்காமல் இருந்திருந்தால் அவர்கள் முன்னால் என் கதியும் அதுதான்.

"மெஷினே இல்லாம இதை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார். "நான் கண்டுபிடிக்கலீங்க மேடம். என் சினேகிதி ஆரிபா கண்டுபிடிச்சா. அவ வீட்ல பால் பொங்கிருச்சு" என்றேன். மூன்று பேரும் சிரித்து முடிக்கச் செத்த நேரம் ஆயிற்று.

கோபமெல்லாம் போய்விட்டது. கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, நேரில் வந்து திட்டித் தீர்க்கிறேன்.

ஜோதி


பேகம்பூர்
9.4.87

அன்புள்ள ஜோதி,

உன் கடிதத்தை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். அம்மாவுக்கு ஏகப் பெருமை, "நான் கூப்பிட்டதாலதான் அந்தப் பிள்ளைக்கு வேலை கெடச்சது" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டது.

படித்துக் காட்டியதில் மெஷின் எரிந்த கதையும் வெளியே வந்துவிட்டது. அத்தா திட்டுவார் என்று ஐந்து மாதம் பயந்தேன். அவர் பூச்சாடியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, பவர் பேக்கை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு நூர் முகமது ரேடியோ கடைக்குப் போனார். அங்கே அரை நாள் வேலைதான். எரிந்தது பவர் பேக் மட்டும்தானாம், உள்ளே மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லையாம். நேற்று ஓட்டினேன், நிஜமாகவே ஓட்டினேன். இருபத்தெட்டு விநாடி.

உனக்கு இனி ஆபீஸிலேயே மெஷின் இருக்கும். என்னுடையது தேவைப்படாது. சந்தோஷமாகத்தான் எழுதுகிறேன், உண்மையாக. மெட்ராஸில் வெயில் அதிகம், தண்ணீர் நிறையக் குடி.

ஆரிபா


மெட்ராஸ்
22.4.87

அன்புள்ள ஆரிபா,

சேர்ந்து ஒரு வாரம் ஆயிற்று. என் மேஜையில் எனக்கென்று ஒரு மெஷின், முன்னால் சுழலும் நாற்காலி. காலையிலிருந்து சாயங்காலம் வரை யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை.

ஹாஸ்டல் சாம்பார் இனிக்கிறது. என் அறைக்காரி பெயர் கௌசல்யா, தூக்கத்தில் பேசுகிறாள். மல்லிகைப்பூ இங்கே வாங்கி இரண்டு மணி நேரத்தில் வாடிவிடுகிறது. நோன்பு ஆரம்பிக்கப் போகிறதே, விடியற்காலையில் உன்னை யார் எழுப்புவார்கள்? பெருநாளைக்கு எனக்கு இரண்டு நாள் லீவு கிடைக்கும். திண்டுக்கல்லில் இறங்கி உன் வீட்டுக்கு வந்துவிட்டுத்தான் ஊருக்குப் போவேன். இந்தத் தடவை வெள்ளையடித்தாலும் வருவேன்.

பின்பக்கம் திருப்பிப் பார்க்காதே. அங்கே எண் ஒன்றும் இல்லை. இந்தக் கடிதத்தில் ஓட்டிப் பார்க்க எதுவுமே இல்லை.

பதில் போடு.

ஜோதி